ஊவாவின் ஆறுகளும் தோணிப் போக்குவரத்தும்

நீரிற் செல்லும் ஊர்திகளுக்குத் தமிழிலே வழங்கும் பெயர்கள் பலவாம். ஓடம், தோணி, அம்பி, பஃறி, பரிசில், வள்ளம், வத்தை, படகு, வங்கம், நாவாய் என அவை விரியும். இவற்றுட் சில ஆற்றுக்குரியன, சில கழிக்குரியன, சில கடலுக்குரியன. உப்பை விற்று நெல்லைப் பெற்று மீளும் பஃறிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. அதே உப்பை உள்நாட்டு ஊர்களுக்கு வண்டி நிரையாகக் கொண்டுசென்ற உமணரைச் சங்கச் செய்யுட்கள் பல காட்டுகின்றன. நீர்வழி முடியுமிடத்தில் நிலவழி தொடங்குகின்றது என்பதைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விரு காட்சிகளும் சான்றாம்.

எல்லப் பகுதியிலே மாணவர்க்குப் புவியியல் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் யாரேனும் ஒரு பிள்ளை எழுப்பும் வினா ஒன்றுண்டு. "வெளிநாடுகளில் ஒரு நகரத்திலிருந்து மற்றொரு நகரத்துக்கு ஆற்றுவழியே படகிற் போகிறார்கள் என்று பாடத்தில் இருக்கிறதே, எங்கள் மலையில் இத்தனை ஆறுகள் ஓடியும் ஏன் ஒரு தோணிகூட ஓடுவதில்லை?" என்பதே அவ்வினா. இராவணனுக்குப் புட்பக விமானம் இருந்தது. ஆகையால் அவனுக்குத் தோணி வேண்டியிருக்கவில்லை என்று கூறி வகுப்பைச் சிரிக்கவைத்து மேலே செல்லலாம். ஆயினும் அவ்வினா சிரித்து விடுதற்குரியதன்று. அதற்கு விடை தேடப் புகுவோர் ஊவாவின் நில அமைப்பையும், கோப்பிக் காலத்து வணிகத்தையும், இருப்புப்பாதையின் வரலாற்றையும், இம்மலைகளிற் குடியேறிய நம் முன்னோரின் வழிநடையையும் ஒருசேரக் காண நேரும். அவற்றைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்ல என்னும் பெயர்

விடையின் முதற்பகுதி ஊரின் பெயரிலேயே அடங்கியுள்ளது. 'எல்ல' என்பது சிங்கள மொழியில் நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் சொல். அருவியின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊரிலே தோணித்துறையைத் தேடுதல் பாலையிலே தாமரையைத் தேடுதல் போலாம். எல்லவுக்கு அணித்தாய் இராவண எல்ல அருவி வீழ்கின்றது. பதுளைக்கு அப்பால், பதுளு ஓயா துன்கிந்தையில் ஏறத்தாழ 64 மீற்றர் ஆழத்திற்கு ஒரே பாய்ச்சலாய் விழுகின்றது. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள தியலும அருவியின் உயரமோ ஏறத்தாழ 220 மீற்றர். அருவிகள் உல்லாசப் பயணிகளுக்கு விருந்து. தோணிக்காரனுக்கோ அவை அடைத்த கதவுகள்.

ஊவா மலைத்தொகுதி நாற்றிசையும் ஆறுகளை அனுப்புகின்றது. உமா ஓயாவும் பதுளு ஓயாவும் லொக்கல் ஓயாவும் வடக்கு நோக்கிச் சென்று மகாவலி கங்கையிற் சேர்கின்றன. அந்நீர் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. கிரிந்தி ஓயா எல்ல இடைவெளியின் வழியே தெற்கே இறங்கி வெல்லவாயா, திசமகாராமைப் பகுதிகளைத் தாண்டிக் கடலை அடைகின்றது. நமுனுகுலை மலைப்பக்கத்தில் தோன்றும் மாணிக்க கங்கை கதிர்காமத் திருப்பதியைத் தழுவிச் செல்கின்றது. கும்புக்கன் ஓயாவும் கல் ஓயாவும் கிழக்குப் பக்கமாய் ஓடுகின்றன. அப்புத்தளைச் சரிவின் நீரோ தென்மேற்கே வளவை கங்கைக்குப் போகின்றது. இத்தனை ஆறுகளுக்குப் பிறப்பிடமாயிருந்தும், ஊவா மேட்டுநிலத்தின் எந்த இரு நகரங்களும் தோணியால் இணைக்கப்பட்டில. மாணிக்க கங்கையில் நீராடும் அடியாரும் அவ்வாற்றின் வழியே மிதந்து வந்தவரல்லர். காட்டுவழியே கால்நடையாய் வந்தவரே.

தோணி ஏறாமைக்குக் காரணங்கள்

ஓர் ஆறு போக்குவரத்துக்கு உதவவேண்டுமாயின் மூன்று இயல்புகள் அதற்கு வேண்டும். முதலாவது, அதன் சாய்வு மிகச் சிறியதாய் இருத்தல். இரண்டாவது, ஆண்டின் பெரும்பகுதியிலும் தோணியின் அடி தட்டாத அளவு ஆழம் இருத்தல். மூன்றாவது, பாறையும் பாய்ச்சலும் இடையிடாத நெடிய வழி இருத்தல். ஊவாவின் ஆறுகளுக்கு இம்மூன்றும் வாய்த்தில.

சாய்வை முதலில் நோக்குவோம். எல்ல கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ளது. இருபத்தேழு கிலோமீற்றர் வீதிவழி இறங்கி வெல்லவாயாவை அடைந்தால் அங்கு உயரம் இருநூறு மீற்றர் அளவே. அஃதாவது, எண்ணூறு மீற்றர் வீழ்ச்சி. மேலைநாட்டார் மலைச்சரிவிலே படகை ஏற்றுவதற்கு நீர்ப்பூட்டு என்னும் உபாயத்தைக் கையாண்டனர். இருபுறமும் கதவிட்ட ஒரு தொட்டிக்குள் படகைப் புகுத்தி, நீரை நிரப்பிப் படகை உயர்த்துவது, அல்லது நீரை வடித்துத் தாழ்த்துவதே அம்முறை. இங்கிலாந்திலே 1810இல் திறக்கப்பட்ட கேன் ஹில் படிவரிசையில் இத்தகைய பூட்டுகள் 29 உள. அவை யாவும் சேர்ந்து படகை உயர்த்தும் அளவு ஏறத்தாழ 72 மீற்றர் மாத்திரமே. அதே கணக்கின்படி வெல்லவாயாவிலிருந்து எல்லவுக்கு ஒரு படகு ஏறவேண்டுமாயின் முந்நூறுக்கும் மேற்பட்ட பூட்டுகள் வேண்டும். ஒவ்வொரு பூட்டிலும் படகு கடக்குந்தோறும் ஒரு தொட்டி நீர் கீழே கழியும். அந்நீரை யார் தருவார்?

இனி, நீரின் அளவு. ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. தென்மேற்குக் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களிலே, அக்காற்றின் ஈரமெல்லாம் மலையின் மறுபுறத்திலேயே பொழிந்துவிட, வறண்ட காற்றே ஊவாவின்மீது வீசுகின்றது. அவ்வறட்சியிலேதான் ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர்பெற்ற தன் தனி நறுமணத்தைப் பெறுகின்றது. தேயிலைக் கொழுந்துக்கு மணம் ஊட்டும் அதே காற்று ஆறுகளைக் கல்லும் மணலுமாய் ஆக்குகின்றது. ஒரு கையால் தந்ததை மறுகையால் எடுத்துக்கொள்வது இயற்கையின் வழக்கம்போலும்.

மகாவலியும் மகியங்கனையும்

மலையடிவாரத்தை அடைந்தபின்னர் மகாவலி கங்கை அகன்று ஆழ்ந்து செல்கின்றதே. அங்கேனும் தோணி ஓடியதா எனின், இதற்கு வரலாறு தரும் விடை இருவகைப்பட்டது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலிலே, அவ்வாறு பாறைகளும் வீழ்ச்சிகளும் மிகுந்தமையால் கலம் செல்லத் தகாதது என்று எழுதினார். அவர் கண்டது பெரும்பாலும் மேற்பகுதியே. அவருக்கு முன்னர், 1602இல், மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குச் சென்ற ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன், வழியிலே விந்தனையைக் கண்டார். அதுவே இன்றைய மகியங்கனைப் பகுதி. முதலாம் விமலதர்மசூரிய மன்னனின் கலங்கள் அங்கே கட்டப்பட்டமையை அவருடைய பயணக்குறிப்புக் கூறுகின்றது. மலைநாட்டு அரசன் ஒருவனுக்குக் கலங்கட்டும் துறை இருந்தது என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ!

ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றிய பின்னர் இவ்வாற்றின்மீது அவர்தம் கண்ணும் விழுந்தது. புரூக் என்பார் மகாவலி கங்கையின் போக்கை ஆராய்ந்து எழுதிய விவரம் 1833இல் இலண்டன் வேத்தியற் புவியியற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆயினும், கண்டியையும் திருகோணமலையையும் நீர்வழியால் இணைக்கும் எண்ணம் கைகூடவில்லை. பின்னாளிலே விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தெம்பை ஆகிய அணைகள் 1985க்கும் 1990க்கும் இடையில் எழுந்தன. ஆறு மின்விசைக்கும் வேளாண்மைக்குமாய்ப் பங்கிடப்பட்டது. இவ்வாறு, மேல்மகாவலியிலே தோணிக்கு இருந்த சிறு நம்பிக்கையும் முடிந்தது.

கோப்பி சென்ற வழி

ஊவாவின் ஆறுகளில் தோணி ஓடவில்லை என்பது உண்மை. ஆனால், ஊவாவின் விளைபொருள் தோணியில் ஏறவில்லை என்பது உண்மையன்று. ஈண்டுதான் வரலாறு சுவைபெறுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அப்புத்தளை, பதுளை, மடூல்சீமைப் பகுதிகளில் காடழித்துக் கோப்பி நடப்பட்டது. இலங்கை முழுவதிலுமிருந்து 1870இல் ஏற்றுமதியான கோப்பி பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் புகையிரதம் வந்தமையால் கண்டிப்பக்கத்துத் துரைமாருக்கு வழிச்செலவு குறைந்தது. ஊவாத் துரைமாருக்கோ அவ்வசதி இல்லை. அவர்தம் கோப்பிக்கு இருந்த வழிகளுள் ஒன்று நுவரெலியா மலையைக் கடந்து கண்டிப்பக்கம் செல்வது. மற்றொன்று அப்புத்தளைக் கணவாயில் இறங்கி, அல்துமுல்லை, பலாங்கொடை வழியே இரத்தினபுரிக்குச் செல்வது. தாவளம் எனப்பட்ட பொதிமாட்டு நிரைகளும், வீதி திருந்தியபின் இரட்டைமாட்டு வண்டிகளும் இரண்டாம் வழியிலே மூட்டைகளைச் சுமந்தன. இரத்தினபுரித் துறையிலே அம்மூட்டைகள் தோணிக்கு மாறின. களுகங்கையின் நீர் அவற்றைக் களுத்துறைக்கு இழுத்துச் சென்றது.

சிவனொளிபாத மலைப்பகுதியிலே பிறக்கும் களுகங்கை, ஏறத்தாழ 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையிற் கடலை அடைகின்றது. ஊவாவின் ஆறுகளுக்கு இல்லாத மூன்று இயல்பும் அதற்கு உண்டு. அது பாயும் நிலம் இரு பருவ மழையும் பெறும் ஈரவலயம். ஆதலால் நீர் வற்றுவதில்லை. இரத்தினபுரிக்குக் கீழே அதன் சாய்வு மிகச் சிறிது. ஆகவே, இரத்தினபுரி உள்நாட்டு நகரமாயிருந்தும் ஒரு துறைமுகம்போல் விளங்கியது. மேலே செல்லும் தோணிகளில் உப்பும் கருவாடும் அரிசியும் துணியும் சென்றன. கீழே வரும் தோணிகளிற் கோப்பியும் பாக்கும் வந்தன. பட்டினப்பாலைப் பஃறிக்கும் களுகங்கைத் தோணிக்கும் இடையே காலத்தின் வேறுபாடன்றித் தொழிலின் வேறுபாடு பெரிதில்லை.

மக்களும் அவ்வழியிற் பயணஞ் செய்தனர். சேர்மானிய விலங்கியல் அறிஞர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் 1882இன் தொடக்கத்திலே ஓட்டன் சமவெளியிலிருந்து உலகமுடிவுப் பக்கமாய் மலையிறங்கி, பலாங்கொடை வழியே இரத்தினபுரியை அடைந்து, அங்கிருந்து களுத்துறை வரை படகிற் சென்றார். அப்பயணத்தைத் தம் நூலில் விரிவாக எழுதியும் வைத்தார்.

தோணியும் கால்வாயும்

இவ்வாறுகளில் ஓடிய கலங்களைச் சிங்களத்திலே 'பாரு' என்பர். நம் கிழக்கு மாகாணத்தார் ஆறு கடக்கும் தட்டைக் கலத்தைப் 'பாதை' என்று வழங்குவர். அடி தட்டையாய், பக்கம் அகன்று, மேலே கிடுகுக் கூரை வேயப்பட்டது இத்தோணி. ஆழமற்ற நீரிலும் தரை தட்டாது மிதத்தற்கு இவ்வமைப்பே ஏற்றது. கீழ்நோக்கி வரும்போது ஆற்றின் இழுப்பே போதும். திசை பிறழாமற் காத்தலே தோணிக்காரனின் வேலை. மேல்நோக்கிச் செல்லும்போதோ நெடிய கழிகளை ஆற்றின் அடியில் ஊன்றி, தோணியின் விளிம்பிலே முன்னும் பின்னும் நடந்து தள்ளுதல் வேண்டும். ஆகவே, ஒரே வழிக்கு இரு காலக் கணக்குகள் இருந்தன: இறங்குவதற்கு ஒரு கணக்கு, ஏறுவதற்கு அதனினும் பன்மடங்கான மற்றொரு கணக்கு. வெள்ளக்காலத்தில் இவ்விரண்டும் பொய்க்கும்.

நீர்வழி மலிவாயிருந்ததன் காரணத்தையும் மாணவர் அறிதல் நன்று. நிலத்திற் செல்லும் வண்டியின் சக்கரம் மண்ணோடும் கல்லோடும் ஓயாது போராடுகின்றது. மாட்டின் ஆற்றலிற் பெரும்பங்கு அப்போராட்டத்திலேயே செலவாகின்றது. மெல்லச் செல்லும் கலத்துக்கு நீர் காட்டும் எதிர்ப்போ மிகச் சிறிது. நல்ல வீதியில் ஓரிரு தொன் இழுக்கும் குதிரை, அமைதியான கால்வாயின் கரையில் நடந்தபடி முப்பது தொன்னுக்கு மேற்பட்ட பாரமுள்ள படகை இழுக்கவல்லது. விரைவு வேண்டாத, கெட்டுப்போகாத, பாரமான பொருளுக்கு நீர்வழியே சிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

கரையோரத்திலே ஒல்லாந்தர் இவ்வுண்மையை நன்கு பயன்படுத்தினர். களப்புகளையும் ஆற்று முகங்களையும் வெட்டி இணைத்து, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியே புத்தளம் வரையும், தெற்கே களுத்துறைப் பக்கமும் கால்வாய்வழி அமைத்தனர். கறுவாவும் பாக்கும் அவ்வழியிற் சென்றன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலே 1802க்கும் 1804க்கும் இடையில் களனி கங்கைப் பக்கத்தையும் நீர்கொழும்பையும் இணைத்து வெட்டப்பட்டது ஹமில்ற்றன் கால்வாய். களனி கங்கையிலும் யட்டியந்தோட்டை, ருவன்வெல்லைப் பக்கத்திலிருந்து தோணிகள் கொழும்புக்கு இறங்கின. கொழும்பின் வாயிலிலே அவ்வாற்றின் குறுக்கே 1822இல் அமைக்கப்பட்ட பாலமும் தோணிகளாலானதே. தோணிகளை வரிசையாய் நங்கூரமிட்டு மேலே பலகை பரப்பிய அப்பாலத்தை, ஆற்றுத் தோணிகள் கடப்பதற்காக இடையிடையே திறந்துவிடுவர். 1895இல் இரும்பாலான விக்டோரியாப் பாலம் வந்தபின் அது மறைந்தது.

இருப்புப்பாதையின் வரவு

தோணியை வீழ்த்தியது வெள்ளமன்று, இருப்புப்பாதையே. மலைநாட்டு இருப்புப்பாதை நாவலப்பிட்டியை 1874இலும், நானுஓயாவை 1885இலும், அப்புத்தளையை 1893இலும், பண்டாரவளையை 1894இலும், பதுளையை 1924இலும் அடைந்தது. இவ்வாண்டுகளை வேறோர் ஆண்டோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கோப்பியைக் கொன்ற இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதற் கண்டறியப்பட்டது 1869இல். கண்டறியப்பட்ட இடம் ஊவாவின் மடூல்சீமை. அப்புத்தளைக்குப் புகையிரதம் வந்தபோது கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்திருந்தது. ஆகவே, ஊவாவின் கோப்பி பிறந்து வளர்ந்து மாண்ட காலம் முழுவதும் தன் மலையிலே புகையிரதத்தைக் கண்டதில்லை. அதன் வரலாறு மாட்டின் குளம்போடும் தோணியின் கழியோடும் முடிந்துபோன வரலாறாம்.

மலையேறும் வித்தையை இருப்புப்பாதை எங்ஙனம் சாதித்தது? தோணி நேரான மட்டத்தை வேண்டுவது. புகையிரதமோ சிறு சாய்வைத் தாங்கவல்லது. நாற்பத்துநான்கு அடி தூரத்துக்கு ஓரடி உயரும் சாய்வையே இப்பாதையின் கடும் ஏற்றங்களுக்கு எல்லையாகக் கொண்டனர் பொறியியலாளர். மலை அதற்கு மேற்பட்ட சரிவைக் காட்டிய இடங்களிலே பாதையை வளைத்து நீட்டினர். தெமோதரையிலே பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினூடு செல்வது இக்கணக்கின் விளைவே. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று உலகெங்குமிருந்து வருவோர் படம்பிடித்துச் செல்கின்றனர். அதன் அழகை வியப்போர், நீர் அருவியாய் விழும் உயரத்தை இரும்புச் சக்கரம் ஊர்ந்து கடப்பதற்காக எழுந்த கட்டடம் அஃது என்பதையும் நினைப்பாராக.

களுகங்கைப் பக்கத்து நிகழ்ச்சியே நாம் பாடமாகக் கொள்ளவேண்டியது. கரையோர இருப்புப்பாதை 1870களின் பிற்பகுதியிற் களுத்துறைப் பக்கத்தை எட்டியபோது தோணியின் கரையோரப் பயன் குறைந்தது. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுக்கமான இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்தபோது களுகங்கைத் தோணியின் உயிர்நாடி அறுந்தது. 1919இல் அப்பாதை ஓபநாயக்கா வரை நீண்டது. ஊவாவின் அடிவாரம் நோக்கி அது கைநீட்டியது எனலாம். ஆனால், அக்கை சுருங்கிவிட்டது. பேருந்துக்கும் பாரவண்டிக்கும் எதிர்நிற்க மாட்டாமல், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களிலே மூடப்பட்டுத் தண்டவாளமும் அகற்றப்பட்டது. இன்று அப்பாதை அவிசாவளையோடு நின்றுவிடுகின்றது. தோணியைப் புகையிரதத்துக்காகக் கைவிட்ட இரத்தினபுரி, பின்னர்ப் புகையிரதத்தையும் இழந்தது. நீர்வழியும் இருப்புவழியும் போக, எஞ்சியது வீதி ஒன்றே. பெருவெள்ளக் காலத்தில் அவ்வீதியும் நீரில் மூழ்கும்போது, அந்நகரத்தார் மீண்டும் தோணியையே நாடுகின்றனர்.

பிறநாட்டு நிலை

ஆற்றுப் பயணம் எங்கும் இறந்துவிடவில்லை. வங்காளதேசத்திலே தாக்கா நகரின் சதர்காட் துறையிலிருந்து பரிசால் நகருக்கு இரவிற் புறப்பட்டு விடியலில் சேரும் அடுக்குமாடிக் கலங்கள் நெடுங்காலம் அந்நாட்டாரின் முதன்மையான ஊர்தியாய் இருந்தன. பத்மா ஆற்றின் குறுக்கே ஆறு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட பாலம் 2022 யூன் மாதத்திலே திறக்கப்பட்டதும் பயணிகள் பெருந்தொகையாய் வீதிக்கு மாறினர்; கலங்களின் வருவாய் குன்றியது. இரத்தினபுரியில் 1912இல் நிகழ்ந்ததே ஒரு நூற்றாண்டின் பின் அங்கும் நிகழ்ந்தது. மாறாக, கேரளத்திலே ஆலப்புழைக்கும் கோட்டயத்துக்கும் இடையில் அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை நடத்தும் படகுகள் இன்றும் ஓடுகின்றன. வீதி சுற்றிச் செல்லுமிடத்தில் நீர் நேரே செல்கின்றது. கரையோரச் சிற்றூர்களுக்குப் படகே வாயிலாகின்றது. குறைந்த கட்டணமும் அரசின் ஆதரவும் சேர அவ்வழி நிலைத்தது. தமிழகத்திலே 1870களின் பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டி வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய்க்கு அவ்வாதரவு தொடர்ந்து கிட்டவில்லை. சென்னையினூடே அஃது இன்று கழிவுநீர் ஓடையாய்க் கிடக்கின்றது.

இவற்றால் விளங்குவது யாதெனின், ஒரு வழி வாழ்வதும் மாள்வதும் விரைவை மாத்திரம் பொறுத்ததன்று. அவ்வழியை நம்பியிருக்கும் மக்களை அரசு எண்ணிப் பார்க்கின்றதா என்பதையும் பொறுத்தது என்பதாம்.

சரக்கும் மனிதரும்

இங்கே நம் மனத்தை உறுத்தும் உண்மை ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. கோப்பி மூட்டை ஊவாவிலிருந்து கொழும்புக்குச் செல்ல வண்டியும் இருந்தது, தோணியும் இருந்தது. மழையில் நனையாதபடி அதற்குக் கிடுகுக் கூரையும் இருந்தது. அக்கோப்பியைப் பயிரிட வந்த மனிதருக்கு என்ன இருந்தது? இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளினின்றும் புறப்பட்ட நம் முன்னோர், பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கினர். அத்துடன் அவர்தம் தோணிப் பயணம் முடிந்தது. அங்கிருந்து வன்னிக் காட்டினூடே மாத்தளை வரையும், மாத்தளையிலிருந்து மலைமலையாய் ஏறி ஊவா வரையும் கால்களே அவர்தம் ஊர்தி. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலே பலரை வாங்கிக்கொண்டன. தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்தது 1914இல். அதற்குள் தலைமுறைகள் நடந்து தீர்த்துவிட்டன.

சரக்குக்கு அமைந்த வழி மனிதருக்கு அமையவில்லை. வழி என்பது பொருளின் பெறுமதியை நோக்கி வெட்டப்பட்டதேயன்றி, உயிரின் பெறுமதியை நோக்கி வெட்டப்பட்டதன்று. பின்னர்ப் பதுளைக்கு வந்த புகையிரதமும் தேயிலைப் பெட்டிக்காகவே வந்தது. எனினும், அதே வண்டியின் மூன்றாம் வகுப்பிலே நம்மவரும் ஏறினர். கோயிற் திருவிழாவுக்கும், மருத்துவமனைக்கும், கல்லூரிக்கும் சென்றனர். பிறருக்காக அமைந்த வழியைத் தமதாக்கிக்கொண்டது மலையகத்தாரின் தனித்திறம் எனலாம்.

இன்றைய நிலை

ஆறுகளின் தொழில் இன்று மாறிவிட்டது. 2024 ஏப்பிரலில் இயங்கத் தொடங்கிய உமா ஓயாத் திட்டம், மகாவலிக்குச் செல்லவேண்டிய நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, நிலத்தடி நிலையத்திலே 120 மெகாவாற்று மின்விசை பெறுகின்றது. அச்சுரங்கம் தோண்டப்பட்ட காலத்திலே பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றியதையும், வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் அங்குள்ளோர் மறந்திலர். தோணிக்குத் தடையாயிருந்த வீழ்ச்சியே மின்விசைக்கு மூலதனமாயிற்று. எண்ணூறு மீற்றர் உயரம் ஒரு காலத்திற் குறை, இன்று செல்வம்.

ஆயினும், மனிதர் செல்லும் வழி பற்றிய கேள்வி அவ்வாறே நிற்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது பெருமழையும் மண்சரிவும் மலையகத்தைக் குலைத்தன. பதுளை மாவட்டம் பல உயிர்களை இழந்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டன, மலைநாட்டு இருப்புப்பாதையும் பல இடங்களிற் சிதைந்து, கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலான தொடர்பு அற்றது. ஆறு நமக்கு வழியாகாது என்பதை முன்னரே கண்டோம். வீதியும் தண்டவாளமும் ஒருசேர அறும்போது, நம் பாட்டனார் நடந்த ஒற்றையடிப் பாதையே நமக்கும் மிஞ்சுகின்றது.

ஆகவே, இருப்புப்பாதையை உல்லாசப் பயணியின் காட்சிப்பொருளாக மாத்திரம் எண்ணுதல் தகாது. இலாபக் கணக்கொன்றையே நோக்கி அதனைக் குறுக்குவதும் தகாது. ஓபநாயக்காப் பாதை அவ்வாறு குறுகி மறைந்ததை நம் காலத்திற்கு அண்மையிலேயே கண்டோம். தோணிக்குப் பதிலாய் வந்தது புகையிரதம். புகையிரதத்துக்குப் பதிலாய் வந்தது வீதி. வீதிக்குப் பதிலாய் வருவதற்கு மலைநாட்டில் வேறொன்றும் இல்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி குறைந்த கட்டணத்திற் பதுளைக்கோ கண்டிக்கோ பேராதனைக்கோ சென்று கற்று மீளுதற்கு இவ்வழி திறந்திருத்தல் வேண்டும் என்பதே, பாதை பற்றிய எக்கணக்கிலும் முதலில் எழுதவேண்டிய வரியாகும்.

"எங்கள் ஆற்றில் ஏன் தோணி ஓடுவதில்லை?" என்று கேட்கும் மாணவருக்கு இனி யாம் கூறும் விடை இதுவாம்: மலை அதனை விடவில்லை, ஆனால், மலையிறங்கிய கோப்பி தோணியில் ஏறிற்று, மலையேறிய உன் பாட்டனோ நடந்தே வந்தான். ஆகையால், இன்று உனக்கென்று உள்ள வழியைக் காத்துக்கொள்.

அவ்விடையை மாணவர் மாத்திரமன்றி, வழிகளை வகுக்கும் இடத்தில் நாளை அமரவிருக்கும் நம் கல்லூரிப் பிள்ளைகளும் மனங்கொள்வாராக.